படத்தில் உள்ளபடி

எந்தப் பாடப்புத்தகம் வந்தாலும் முதலில் அட்டையைத் தடவிப் பார்ப்பார் ரேணுகாதேவி டீச்சர். வழவழப்பு அதிகமென்றால் முகம் சுருங்கிவிடும். உள்ளே சரக்கு இல்லாததால்தான் வெளியே மினுக்குகிறார்கள் என்பது அவர் கட்சி. பிறகு கடைசிப் பக்கத்துக் கேள்வி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பாடத்தில் பதில் இருக்கிறதா என்று துழாவுவார். இல்லையென்றால், "கேக்கத் தெரியுது, சொல்லத் தெரியல" என்று முணுமுணுப்பார்.

கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியின் உயிரியல் ஆசிரியை. எந்தப் புத்தகத்தை வாங்கலாம் என்று ஆண்டுதோறும் பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. சந்தேகம் புத்தகத்தோடு நிற்பதில்லை. கைப்பையில் எப்போதும் அயோடின் குப்பி இருக்கும். போன வருடம் ஒரு புத்தக ஏஜென்ட் கொண்டுவந்த பால்கோவாவில் ஒரு சொட்டு விட்டார். மாவு கலந்த கோவா நீலமாகிவிட்டது. பாதி ஆசிரியர்கள் ஏற்கெனவே தின்று முடித்திருந்தார்கள்.

இந்த வருடம் வந்தவன் யோகராஜ். "மேடம் சொன்னா மறுபேச்சே கிடையாது" என்று அவன் குழையக் குழைய டீச்சருக்குச் சந்தேகம் வலுத்தது. தாளாளர் தங்கப்பாண்டியன் தீப்பெட்டி செய்கிற ஆபீஸுக்கு முதலாளி. "கலர் படமெல்லாம் கண்ணப் பறிக்குது. கையெழுத்தப் போடுங்க டீச்சர்" என்று அவர் வேறு அவசரப்படுத்தினார். இவருக்கு என்ன இவ்வளவு அவசரம்?

ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு படம் டீச்சரை நிறுத்திவிட்டது. இலையில் மாவுச்சத்து இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. பச்சை நிறம் போக இலையை ஸ்பிரிட்டில் போட்டுச் சூடாக்க வேண்டும். ஸ்பிரிட் கிண்ணத்தை வெந்நீருக்குள் இறக்கித்தான் சூடாக்கலாம். படத்திலோ கிண்ணம் நேரே தீயின் மேல் இருந்தது. ஸ்பிரிட் ஆவி குப்பென்று பற்றிக்கொள்ளும். விளாத்திகுளம் பக்கத்துப் பருத்திக்காட்டு ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள், சோதனை என்றால் மேசைமேல் கவிழ்ந்துகொண்டு பார்ப்பார்கள்.

"அண்ணாச்சி, இது ஆகாது. பிள்ளைக மூஞ்சி வெந்துபோகும்" என்றார் தாளாளரிடம்.

"ஒரு படம்தான மேடம், அடுத்த பதிப்புல மாத்திருவோம்" என்றான் யோகராஜ்.

"படத்த எவன் பாக்கப் போறான்?" என்றார் தங்கப்பாண்டியன்.

டீச்சர் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். இருவரையும் ஆய்வகத்துக்கு அழைத்துப்போனார். படத்தில் உள்ளபடியே கீழே விளக்கு, அதன்மேல் முக்காலி, முக்காலியில் ஸ்பிரிட் ததும்பும் கிண்ணம் என்று எடுத்து வைத்தார். தீப்பெட்டியை யோகராஜிடம் நீட்டினார்.

"பத்த வைங்க தம்பி. ஒம்பதாங்கிளாஸ் பிள்ளைகளக் கூட்டியாந்து இங்கன சுத்தி நிறுத்துதேன்."

விற்கிற புத்தகத்தைப் படித்தறியாத அந்தப் புண்ணியவான் சிரித்துக்கொண்டே குச்சியை எடுத்தான்.

"ஏலே, தொடாதலே!"

தங்கப்பாண்டியன் போட்ட சத்தத்தில் குச்சி கைநழுவி விழுந்தது. நெருப்போடு தொழில் நடத்துகிற மனிதர். நெற்றி வேர்த்துவிட்டது அவருக்கு.

டீச்சர் புத்தகத்தை மூடி, யோகராஜின் பைக்குள் வைத்து, ஜிப்பையும் தானே இழுத்து மூடினார்.