திரை மாறுவதை எழுதும் வேலை

இந்த ஊரில் காலையில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் "மொய்" என்கிறார்கள். பின்லாந்தின் தாம்பரே நகரத்தில் அதுதான் வணக்கம். விடைபெறும்போது இரண்டு முறை, மொய் மொய். மொரப்பூரில் பிறந்து வளர்ந்த எனக்கு, இரண்டாவது குளிர்காலம் வந்தும், அந்தச் சொல் காதில் விழுந்தால் கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியப்பாக்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். வந்த புதிதில் லிஃப்டில் ஒரு பெண்மணி மொய் என்றதும் என் கை தானாகக் கைப்பையைத் தொட்டது. அவர் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார்.

என் வேலையை ஊரில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. கணினியில் இன்னொரு திரையைச் செருகினாலோ படத்தின் அளவை மாற்றினாலோ உள்ளே பல விஷயங்கள் ஒன்றாக மாற வேண்டும். ஒன்று மாறி மற்றொன்று மாறாவிட்டால் திரை கறுத்துவிடும். அதனால் எல்லா மாற்றங்களையும் ஒரே கட்டாகக் கட்டி, கிராபிக்ஸ் டிரைவர் என்கிற மென்பொருளிடம் கொடுப்பார்கள். அது முதலில் எல்லாம் நடக்குமா என்று பார்க்கும். நடக்குமென்றால் மொத்தமாக மாற்றும். ஒன்று நடக்காதென்றாலும் எதையும் தொடாது. இதைப் பொறியாளர்கள் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதித் தருகிறேன். எழுதுவது மட்டும்தான். அதற்கே உடம்பிலுள்ள சக்தியெல்லாம் போய்விடுகிறது.

கல்லூரி முடித்ததும் அரூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் எதையாவது அழுத்தித் திரையின் அளவை மாற்றிவிடுவார்கள். திரை கறுத்துவிடும். "அக்கா, செத்துப்போச்சுங்க அக்கா!" என்று கத்துவார்கள். "எதையும் தொடாதீங்க, தானா பழசுக்கு வந்துரும்" என்பேன். கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். வகுப்பே பெருமூச்சு விடும். அந்த நினைப்பில்தான் இங்கே எழுதிய ஆவணத்திலும், மாற்றம் நடக்காவிட்டால் திரை பழைய நிலைக்குத் திரும்பும் என்று எழுதியிருந்தேன்.

டிரைவரை எழுதும் யூக்கா, ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர், அந்த வரியில் விரல் வைத்தார். "திரும்பாது."

"கறுப்பாகவே இருக்குமா?" என்று பதறினேன்.

"இல்லை. திரும்பாது. அது எங்கேயும் போகவில்லை."

இடத்தைவிட்டு நகராத ஒன்று திரும்பி வந்ததாக எழுதியிருக்கிறேன் என்பது புரிவதற்குள் அவர் காபி எடுக்கப் போய்விட்டார்.

அந்த வாரம்தான் என் கணவரும் மகள் யாழினியும் இங்கே வந்து சேர்வதாக இருந்தது. அவர் அரூர் கால்நடை மருத்துவமனையில் உதவியாளர். நீண்ட விடுப்பு வாங்கியிருந்தார். யாழினிக்குப் பள்ளியில் டி.சி. வாங்கியாயிற்று. நான் ஒற்றை அறையை விட்டு, குளத்தைப் பார்த்த வீட்டுக்கு மாறியிருந்தேன். மதியம் அவரிடமிருந்து போன் வந்தது.

"அப்பா பால் ஊத்திட்டு வர்றப்ப வண்டியோட வுழுந்துட்டாரு. இடுப்பெலும்பு ஒடஞ்சிருக்குதாம். தர்மபுரிக்குக் கூட்டிட்டு வந்துட்டோம்."

"இப்ப எப்படிங்க இருக்கறாரு?"

"பேசறாரு. ஆனா எந்திரிக்க மாசக்கணக்குல ஆகுமாம். நான் வர முடியாது, கவிதா."

நான் கேட்டேன். "யாழினிய மட்டும் அனுப்பி வெக்கறீங்களா? பெங்களூருல இருந்து தெரிஞ்சவங்க வர்றாங்க."

"வந்தா ரெண்டு பேரும் வர்றோம். இல்லன்னா யாரும் வரல. ஆளுக்கொரு பக்கமா பிச்சுக்கிட்டுப் போனா அப்பறம் அது வூடே கெடையாது."

யாழினி போனை வாங்கிக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அம்மா, ஸ்கூல்ல எல்லாரும் கட்டிப்புடிச்சு டாட்டா சொல்லிட்டாங்கம்மா. திரும்ப எப்படிம்மா போறது? வெக்கமா இருக்குது."

மறுநாள் யூக்காவிடம், குடும்பம் வரவில்லை என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான். ஊரில் இப்படிச் சொன்னால் பக்கத்து வீடு, எதிர் வீடு, பஸ்ஸில் கூட வருகிறவர் என்று ஆளாளுக்கு ஆறுதல் சொல்லி நம்மைத் திணறடித்துவிடுவார்கள். இந்த மனிதருக்கு ஒரு வார்த்தை இல்லையா என்று எனக்குக் கோபம். மதியம் என் மேசையில் எதிரே வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். நான்தான் கேட்டேன்: "என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா?"

அவர் குழம்பிப்போனார். "நான் ஏதாவது சொல்ல வேண்டுமா?"

இல்லை என்றேன். இருவரும் சூப்பைக் குடித்தோம்.

ஆவணத்தில் கடைசியாக ஒரு வரி இழுத்துக்கொண்டே போனது. எல்லாம் நடக்கும் என்று டிரைவர் ஒப்புக்கொண்டபின் மாற்றம் முடியாமல் போகாது என்று யூக்கா எழுதச் சொன்னார். "சரிபார்த்துவிட்டோமே." நான் முடியாமல் போகக் கூடாது என்று எழுதினேன். சரிபார்த்து முடித்த மறு நொடி யாராவது கேபிளைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். அதற்குள் பழைய நிலையை விட்டாகிவிட்டது, போக வேறிடமில்லை, என்ன கெட்டது என்று சொல்லிவிட்டு மேலே போக வேண்டியதுதான் என்றார். அதையே எழுதினேன். இந்த முறை அவர் விரல் வைக்கவில்லை.

மாமனார் குச்சியூன்றி நடக்கத் தொடங்கிய சமயத்தில் விடுப்பில் ஊருக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்னாலதான் புள்ள இங்கயே நின்னுடுச்சு" என்றார். "அப்படியெல்லாம் சொல்லாதீங்க மாமா" என்றேன். யாழினியை அதே பள்ளி சேர்த்துக்கொண்டது, ஆனால் வேறு செக்‌ஷனில். பழைய பெஞ்சில் வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாளாம். அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் திரும்பி வந்து ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டினேன். "பாக்கலாம்" என்றார் என் கணவர் போனில்.

போன சனிக்கிழமை டிராமுக்காக நின்றிருந்தேன். பனி தூறிக்கொண்டிருந்தது. யாழினி அரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிட்டாள். அவள் குரலுக்குப் பின்னால் கண்டக்டர் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். "மொரப்பூரு, மொரப்பூரு! ஏறுங்க, ஏறுங்க!" என் கால் அசைந்தது. எதிரே டிராம் கதவுகளைத் திறந்துவைத்துக் காத்திருந்து, மூடிக்கொண்டு போனது. "அம்மா, நாங்க பஸ் ஏறிட்டோம், நீ?" என்றாள். தண்டவாளத்தில் பனி விழுந்து மூடிக்கொண்டிருந்தது. நானும் ஏறிவிட்டேன் என்றேன்.