தடம் அழிக்கிறவர்

மணலில் நாலடி வைத்ததும் சஃபியுல்லா திரும்பிப் பார்ப்பார். தன் கால்தடம் தெரிந்தால் போச்சு. காலாலேயே வழித்து மூடிவிட்டுத்தான் அடுத்த அடி. பக்கத்து வீட்டுக்காரர் கட்டட வேலைக்குக் கொட்டிவைத்த மணலைக்கூட விட்டுவைப்பதில்லை. "மண்ணுல தடத்தைப் பாத்துட்டா இந்த மனுசனுக்குத் தூக்கம் வராது" என்பார் மனைவி நஜீபா.

எல்லாம் மஸ்கட்டில் பிடித்த பழக்கம். அங்கே ஒரு கோல்ஃப் கிளப்பில் பத்தொன்பது வருஷம் மணல்பள்ளம் வாரியவர். பந்து பள்ளத்தில் விழும். துரைமார் இறங்கி நாலு தட்டு தட்டிவிட்டுப் போவார்கள். பல் வைத்த வாரியோடு இவர் பின்னாலேயே போய், ஆள் வந்த சுவடே இல்லாமல் ஆக்க வேண்டும். ஒருநாளும் யாரும் இவரைப் பந்தடிக்கக் கூப்பிட்டதில்லை. ஆனால் எந்த இடத்தில் சிரித்தார்கள், எந்த இடத்தில் மட்டையை விட்டெறிந்தார்கள் என்பதெல்லாம் இவருக்கு அத்துப்படி.

அந்த ஞானம் ஊர் திரும்பியபின் காரைக்காலில் கைகொடுக்கும் என்று யார் கண்டது? பிரான்ஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்று வந்த சூசைமுத்து, கோட்டுச்சேரிமேட்டுக் கடற்கரையோரம் ஒரு விடுதி கட்டினார். "வர்றவங்க விளையாட, சின்னதா ஒரு கோல்ஃப் போட்டுக் குடு தம்பி" என்றார். சஃபியுல்லா மணல்மேடுகளில் ஒரு மாதம் அலைந்தார். ஆறே குழிகள். இருப்பதில் தூரமான குழிக்கே அடிக்கிற இடத்திலிருந்து எண்பது தப்படிதான். அடப்பங்கொடி படர்ந்த மேடுகளில் கை வைக்கவில்லை. நடுவில் காற்று குடைந்துவைத்த பள்ளங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அடியிலும் உள்சரிவிலும் களிமண் பூசி, தண்ணீர் தெளித்து, உருளை விட்டு இறுக்கினார். குழிக்குப் பால் பவுடர் டின். அது முறையான அளவைவிட அகலம் என்று அவருக்கும் தெரியும். "குழி பெருசா இருந்தா மனுசன் சிரிப்பான். அதுக்குத்தானே விளையாட்டு?"

சூசைமுத்து பார்க்க வந்தார். முகம் சுருங்கிவிட்டது. "என்ன தம்பி, ஒரே மேடும் பள்ளமுமா கெடக்கு? டிவியில பச்சப்பசேல்னு பாய் விரிச்ச மாதிரில்ல காட்டுறான்!" மறுநாள் சாயங்காலமே மேட்டையெல்லாம் நிரவ ஜேசிபியோடு வந்துவிட்டார். ஓட்டுநர் காத்தமுத்து சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றார்.

பிறர் தடத்தைத் துடைத்தே சஃபியுல்லாவின் பாதி ஆயுசு போனது. தன் கையால் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான், இதையும் துடைக்கப் போகிறார்களே!

"அண்ணே, ஒரே ஒரு தடவ அடிச்சுப் பாத்துட்டு அப்புறம் இடிங்க" என்று கெஞ்சினார்.

சூசைமுத்து அடித்தார். மூன்று பந்தும் மூன்று திக்கில் போயின. "இது வெளங்காது" என்று மட்டையைப் போட்டார். வேடிக்கை பார்க்க வந்திருந்த அவர் மனைவி டெய்சி, செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த மட்டையை எடுத்தார். பந்து கோணலாகப் போய்ப் பள்ளத்தின் சரிவில் ஏறித் தயங்கியது. பிறகு என்ன நினைத்ததோ, வளைந்து வளைந்து இறங்கி, டின்னுக்குள் டங்கென்று விழுந்தது.

"மாதாவே!" என்று டெய்சி குதித்த குதியைப் பார்த்துக்கொண்டு சூசைமுத்துவால் சும்மா இருக்க முடியுமா? "இங்க குடு, நானும் ஒண்ணு அடிக்கிறேன்." ஐந்தாவது அடியில் அவருக்கும் டங். அப்புறம் அந்த இருவரையும் யாராலும் நிறுத்த முடியவில்லை.

காத்தமுத்துதான் பொறுமை இழந்து வந்தார். "சார், எந்த மேட்டுலேருந்து ஆரம்பிக்கட்டும்?"

"யோவ், மேட்டத் தொட்டுப் பாரு, தெரியும் சேதி! வண்டிய எடுத்துட்டுக் கெளம்புய்யா."

"அல்ஹம்துலில்லாஹ்!" சஃபியுல்லா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அப்பாடா, ஒரு மாதத்து மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

எல்லோரும் போனபின், டீ கொண்டு வந்த நஜீபா சுற்றிப் பார்த்தார். பள்ளத்தின் விளிம்பு மணலெங்கும் செருப்புத் தடம், வெறுங்கால் தடம், குதித்த தடம். ஓரத்தில் கிடந்த வாரியை எடுத்து நீட்டினார். "இந்தாங்க, இல்லாட்டி ராவைக்குத் தூக்கம் வராது உங்களுக்கு."

சஃபியுல்லா வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். அந்தத் தடங்களுக்கு நடுவிலேயே நடந்துபோய், டின்னுக்குள் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்து மணலில் ஏறி வீட்டைப் பார்த்து நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.