கோத்தா திங்கி தோட்டமும் நான் கண் திறக்காத நான்கு மணி நேரமும்

இந்தப் பதிவை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று மாதம் யோசித்தேன். ரசாயனம் போடாமல் காய்கறி வளர்க்கும் குழுக்களை விடுமுறை நாட்களில் போய்ப் பார்த்து இங்கே எழுதுவது என் வழக்கம். கோத்தா திங்கிப் பக்கம் ஒரு தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து தோட்டம் போட்டிருக்கிறார்கள், போய்ப் பார்த்தீர்களா என்று வாசகர்களில் ஐந்தாறு பேர் கேட்டிருந்தார்கள். எனக்கும் ஒரு சுயநலம் இருந்தது. பத்து பாகாட்டில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கிறது. யாராவது முறையாகக் கற்றுக்கொண்டு வந்தால் இறங்கலாம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தார்கள். அந்த யாராவது நானாக இருக்கட்டும் என்று மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

கணவர் சேகருக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. அந்த வாரம் அவருக்கு விடுப்பு இல்லாததால் தனியாகத்தான் காரை எடுத்தேன். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, ஆயர் ஈத்தாம், குளுவாங் வழியாகப் போனேன். என் காரின் கணக்குப்படி 138 கிலோமீட்டர். பெட்ரோல் முப்பது ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். குளுவாங்கைத் தாண்டுவதற்கு முன் ஒரு மாமாக் கடையில், இந்திய முஸ்லிம் உணவுக் கடையில், பசியாறினேன். ரொட்டியும் தே தாரிக் என்ற இழுத்த பால் டீயும் ஐந்து ரிங்கிட். கடைக்காரர் நான் போகும் இடத்தைக் கேட்டதும் என் காரை எட்டிப் பார்த்தார்.

“தனியாவா போறீங்க? அந்த ரோட்டுல யான வரும்மா. நின்னுச்சுன்னா ஹார்ன் அடிக்காதீங்க. மெதுவா ரிவர்ஸ் போயிடுங்க.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் பாதித் தே தாரிக்கை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். குளுவாங்கிலிருந்து கோத்தா திங்கி வரை ஏறக்குறைய எண்பது கிலோமீட்டருக்கு இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். யானை படம் போட்ட மஞ்சள் பலகைகள் அடிக்கடி வரும். சில இடங்களில் கைப்பேசிக்கு அலை கிடைக்காது. ஓரிடத்தில் இளம் செம்பனைக் கன்றுகள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. பிய்த்த குருத்து சாலை ஓரம் வரை சிதறியிருந்தது. ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். யானை வரவில்லை. தாமானுக்குள் நுழைந்து வீடுகளையும் கொடியில் காயும் துணிகளையும் பார்த்ததும் பெருமூச்சு விட்டேன். இனி ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. அப்போது மணி 9.50.

தோட்டம் தாமானின் கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கிறது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் செம்பனை தொடங்கிவிடும். நிலம் குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை அனுமதி வாங்க வேண்டும். சனிக்கிழமை தோறும் எட்டரை மணிக்குக் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் கூடிச் செய்யும் வேலை. வருகிறவர்கள் மூன்று மணி நேரம் வேலை செய்துவிட்டு அன்றைக்குப் பறித்ததைப் பங்கிட்டுக்கொள்வார்கள். வெளியாட்களுக்குக் கட்டணம் கிடையாது. வெண்டை, பயற்றங்காய், கங்கோங் கீரை, கத்தரி, மரவள்ளி எல்லாம் செழித்து நின்றன. மண்ணைக் கையில் எடுத்தால் கேக் மாதிரி உதிர்ந்தது.

குழுவை நடத்துபவர் விஜயாக்கா. பள்ளி வேன் ஓட்டுகிறார். சத்தமாகப் பேசுவார், பேச்சுக்கு நடுவே களை பிடுங்குவார். அவருக்குத் துணை மணியம் அண்ணன். எஸ்டேட்டில் களைக்கொல்லி அடிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவர். விஷம் வேண்டாம் என்று குழுவில் எல்லாரையும்விடப் பிடிவாதமாக நிற்பவர் அவர்தான். மூன்றாவது ஆள் காக் ரொஹானி; மலாயில் ‘காக்’ என்றால் அக்கா. வேலியை ஒட்டிய வீடு அவருடையது. தோட்டத்துக்குத் தண்ணீர்க் குழாய் அவர் வீட்டிலிருந்துதான் வருகிறது.

விஜயாக்கா எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கட்டுப்பாடு சொன்னார். “எங்க வேணும்னாலும் நடங்க, எத வேணும்னாலும் பறிங்க. அந்தக் கருப்புத் தார்ப்பாய மட்டும் தொடாதீங்க. கொம்போஸ் வெந்துகிட்டு இருக்கு. மணியம் அண்ணன் கம்பால தட்டிட்டுத்தான் தொறப்பாரு.”

பத்தே முக்காலுக்கு மணியம் அண்ணன் மறு கோடியில் கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார். நான் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அதன் விளிம்பில் லேசாக ஆவி எழுந்தது. நல்ல மக்கு உரம் எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட ஒரு படம், பதிவுக்கு அழகாக இருக்கும் என்று தோன்றியது. இடது கையில் கைப்பேசி. வலது கையால் ஒரு மூலையைத் தூக்கினேன்.

சைக்கிள் டயரில் காற்று இறங்குவது போல ஒரு சத்தம். காய்ந்த புல்லுக்கு நடுவில் கறுப்பாக ஒன்று நிமிர்ந்தது. பாம்பு படம் விரித்திருந்ததைப் பார்த்தேனா, பிறகு மற்றவர்கள் சொன்னதை வைத்து நினைத்துக்கொள்கிறேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை. முகத்தில் நாலைந்து துளி ஈரம் பட்டது. யாரோ எலுமிச்சம்பழத்தைப் பிழியும்போது தெறித்தது மாதிரி, அவ்வளவுதான். பின்னால் நகர்ந்தேன். மூன்று எண்ணுவதற்குள் இரண்டு கண்களிலும் தீ பற்றியது.

கத்தினேன் என்று சொல்கிறார்கள். கண்களைத் தேய்க்கக் கைகள் தாமாகப் போயின. யாரோ ஓடிவந்து என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள்.

“தேய்க்காதம்மா! தேய்ச்சா கண்ணு போயிடும்!” மணியம் அண்ணனின் குரல்.

“ஜாங்கான் கோசோக்! ஆயிர்! ஆயிர்!” என்று வேலிப் பக்கமிருந்து காக் ரொஹானி. தேய்க்காதே, தண்ணீர் தண்ணீர் என்று அவரும் அதையேதான் கத்திக்கொண்டு ரப்பர் குழாயை இழுத்து வந்தார்.

என்னை மண்ணில் உட்கார வைத்துத் தலையைச் சாய்த்தார்கள். விஜயாக்கா இரண்டு விரலால் என் இமைகளைப் பிரித்துப் பிடிக்க, காக் ரொஹானி தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். “தொற மாலா. தொறந்து வை. வலிக்கும், எனக்குத் தெரியும். தொற.” அதுவரை ‘வாங்க, போங்க’ என்று பேசியவர் அந்த நிமிடத்தில் ‘நீ’க்கு மாறினார். திறந்தபோதெல்லாம் வெறும் வெள்ளை. பனிமூட்டத்துக்குள் முகத்தை நுழைத்தது போல இருந்தது. அந்த வெள்ளைதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. ஒரு சட்டையில் விட்டுப்போன ஒற்றைத் தையலைக் கண்டுபிடிக்க வேண்டும். அவர்கள் கழுவிய இருபது நிமிடமும் அந்தத் தையல்தான் என் மனதில் ஓடியது. சேகர் முகம்கூட அதற்குப் பிறகுதான் வந்தது.

மருத்துவமனை ஒன்பது கிலோமீட்டர். விஜயாக்கா பள்ளி வேனை ஓட்ட, மணியம் அண்ணன் பின் இருக்கையில் என் கைகளை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வளைவும் விழப்போவது போல இருந்தது. சேகரைக் கூப்பிடக் கைப்பேசியை எடுத்தேன். முகத்தைக் காட்டினால் திறக்கும் கைப்பேசி அது. கண் மூடியிருந்ததால் திறக்கவில்லை. ரகசிய எண்ணை மணியம் அண்ணனிடம் சொன்னேன். மூன்று முறை அடித்தார். பட்டறையில் சேகர் எடுக்கவில்லை.

நான் அழுது ஓய்ந்திருந்தபோது, மணியம் அண்ணன் முன்பக்கம் சாய்ந்து மெதுவாகப் பேசினார். “எங்க நடந்துச்சுன்னு கேப்பாங்க, விஜயா. போன தடவ மலைப்பாம்பு புடிச்சப்பவே சங்கத்துக் கமிட்டி சத்தம் போட்டுச்சு. இது காதுல விழுந்தா நெலத்த எடுத்துருவாங்க.”

“மொதல்ல அந்தப் பொண்ணு கண்ணப் பாப்போம், அண்ணே.”

பதிவு மேசையில் அந்தக் கேள்வி வந்தது. எங்கே நடந்தது? விஜயாக்காவின் கை என் தோளில் இருந்தது. அது இறுகியது. சாலை ஓரம் என்று சொல்லியிருக்கலாம், எஸ்டேட் என்று சொல்லியிருக்கலாம். நானும் மறுத்திருக்க மாட்டேன்.  அவர் தாமான் பெயரையும் சாலை எண்ணையும் சொல்லி, “எங்க குழுவோட தோட்டத்துல” என்பதையும் மலாயில் தெளிவாகச் சொன்னார்.

உள்ளே மறுபடியும் கழுவினார்கள். உப்பு நீர்ப் பைகளைத் தொங்கவிட்டு ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக. காத்திருந்தபோது நான் சொன்னேன்: “தார்ப்பாய நான்தான் தூக்கினேன்க்கா. படம் எடுக்க.”

“தெரியும். பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நான் கத்துறதுக்குள்ள தூக்கிட்ட.” திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நனைந்திருந்த என் தலையைத் தன் துண்டால் துவட்டினார்.

மரத்துப்போக மருந்து விட்டு, சாயம் போட்டு, மருத்துவர் கண்களைப் பார்த்தபோது மணி ஏறக்குறைய மூன்று. அப்போதுதான் முழுதாகக் கண் திறந்தேன். தமிழ்ப் பெண். கையைக் காட்டி எத்தனை விரல் என்று கேட்டார். இடது கண் மூன்று என்றது. வலது கண்ணுக்குக் கை இருப்பது தெரிந்தது, விரல் தெரியவில்லை.

“கருவிழியில கீறல் இருக்கு” என்றார்.

“பார்வ போயிடுமா, டாக்டர்?”

“இப்ப சொல்ல முடியாது. மூணு நாள் கழிச்சுப் பாக்கணும். ஒடனே நல்லா கழுவியிருக்காங்க. அதுதான் உங்களுக்கு நல்லது செஞ்சிருக்கு.”

என்னை ஏற்றிக்கொண்டு என் காரை பத்து பாகாட் வரை விஜயாக்கா ஓட்டி வந்து விட்டுவிட்டு, பேருந்து பிடித்துத் திரும்பினார். விடுபட்ட அழைப்புகளைப் பார்த்துத் திரும்பக் கூப்பிட்ட சேகர் அன்று மாலையே சிங்கப்பூர்ப் பாலம் தாண்டி வந்துவிட்டார்.  அந்த மூன்று நாட்களும் மணிக்கொரு தடவை இடது கண்ணை மூடிக்கொண்டு சுவர் நாட்காட்டியைப் பார்ப்பேன். முதல் நாள் சிவப்புக் கறை மட்டும். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலையில் எட்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரிந்தது. சேகரை எழுப்பி நாட்காட்டியில் இருந்த எல்லா எண்களையும் வாசித்துக் காட்டினேன். ஒன்பதாம் நாள் கீறல் ஆறிவிட்டது என்றார்கள். வெயிலில் மட்டும் வலது கண் இன்னமும் கலங்குகிறது.

பாம்பு பிடிக்கிறவர்கள் அன்றே வந்து தார்ப்பாய்க்குக் கீழிருந்து விஷத்தைத் துப்பும் வகை நாகம் ஒன்றையும் பன்னிரண்டு முட்டைகளையும் எடுத்துப்போனார்களாம். மணியம் அண்ணன் தொலைபேசியில் விளக்கினார்: “கொம்போஸ் சூடா இருக்கும். எலி வரும். நாமதான் விஷம் வைக்கிறதில்லயே. எலி வந்தா அதுவும் வரும்தானே?” இத்தனை வருடமாக இங்கே நான் ‘இயற்கைத் தோட்டம், பாதுகாப்பான தோட்டம்’ என்று எழுதி வந்திருக்கிறேன். தட்டுக்கு வரும் காய் பாதுகாப்பானது, சரி. விஷம் இல்லாத இடத்தில் எல்லாமும் வாழும் என்பதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

ஜூன் மாதம் குடியிருப்போர் சங்கம் கூடியது. தோட்டத்தை மூடுவதா என்பதுதான் பேச்சு. நான் போய், சொன்ன கட்டுப்பாட்டை மீறியது நான் என்று எழுந்து நின்று சொன்னேன். ஒருவர், “அடுத்து வர்றது சின்னப் புள்ளயா இருந்தா?” என்று கேட்டார்.  கடைசியில் நிலம் நிலைத்தது. உரக் குவியல் போய் மூடியுள்ள தொட்டிகள் வர வேண்டும், வேலி ஓரம் பத்தடிக்குப் புல் வெட்ட வேண்டும் என்று நிபந்தனை. சிறு பிள்ளைகள் உள்ள இரண்டு குடும்பங்கள் குழுவை விட்டு விலகிவிட்டன. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.

இப்படிப்பட்ட தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு: முழங்கால் வரை பூட்ஸ், கண்ணை முழுதாக மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி (வன்பொருள் கடையில் பத்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும்), தடித்த கையுறை. குவியல், பலகை, சாக்கு எதையும் கையால் தூக்காதீர்கள். நீளக் கம்பால் தட்டிக் காத்திருங்கள். தண்ணீர்க் குழாய் எங்கே, மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று போனவுடன் கேளுங்கள். பாம்பு துப்பிய விஷம் கண்ணில் பட்டால் தேய்க்காமல் குறைந்தது இருபது நிமிடம் சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு, வலி குறைந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் அனுமதி கேளுங்கள்.

ஜூன் கூட்டம் முடிந்ததும் விஜயாக்கா, “தோட்டத்துக்கு வரியா?” என்றார். வாசல் வரை போனேன். கால் நகரவில்லை. புல் அசைந்தபோதெல்லாம் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன்.  அவர் பக்கத்தில் நின்று வாசலில் முளைத்திருந்த களையைப் பிடுங்கினார். பத்து நிமிடம் கழித்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். பயற்றங்காய்ப் பந்தல் வரைதான் முடிந்தது. அதற்கு மேல் ஓர் அடியும் வைக்க முடியவில்லை.

“இன்னைக்கு இவ்ளோ தூரம் போதும்லா” என்று சொல்லிவிட்டு, அந்தப் பந்தலிலிருந்து ஒரு கைப்பிடி காய் பறித்து என் கையில் கொடுத்தார்.