குழந்தை இல்லாத வயிறு

முதலில் பாவாடையின் கொளுக்கி எட்டவில்லை. கைகால்கள் மெலிந்துகொண்டே போக, வயிறு மட்டும் இறுகிப் பெருத்தது. அது 2006. எச்.ஐ.வி.க்கான மாத்திரைகளை எடுக்கத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. இத்தாலியில், நாங்கள் வாழும் பலெர்மோத் தமிழர்களில் அதை அறிந்தவர் என் கணவர் மட்டுமே.

கபோ சந்தையில் ஒருநாள், தெரிந்தவளான செல்வி என் வயிற்றில் கை வைத்தாள்.

“எத்தினை மாசம்? சொல்லவே இல்லை!”

“பிள்ளை இல்லையப்பா, சதைதான்” என்றேன். அவள் நம்பாமல் சிரித்தாள்.

லிபெர்த்தா வீதியில் நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோராவும் (எசமானி) பிரசவத்துக்காக எப்போது வேலையிலிருந்து நிற்கப்போகிறாய் என்று கேட்டாள். வேறு ஆள் தேடிவிடுவாளோ என்று பயந்தேன்.

மாத்திரையை விட்டால் வயிறு வற்றுமா என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“உங்களை உயிரோடு வைத்திருப்பதே அந்த மாத்திரைதான். நிறுத்தாதீர்கள்.”

இது அந்த மாத்திரைகளின் பக்கவிளைவாக வரும் லிப்போடிஸ்ட்ரோபி (உடற்கொழுப்பு இடம் மாறிப் படிதல்) என்றார். பரிசோதனையில் இருந்த ஓர் ஊசிமருந்தைப் பற்றியும் சொன்னார். உடலே வளர்ச்சி ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து வயிற்றுக் கொழுப்பைக் கரைக்க அது தூண்டுமாம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலருக்கு மருந்தில்லாத வெற்று ஊசிதான் கிடைக்கும். யாருக்கு எது என்று அவருக்கும் தெரியாது. சம்மதித்தேன்.

தினமும் தொப்புளுக்குக் கீழே நானே குத்திக்கொண்டேன். விரல் மூட்டுகள் வீங்கின. துடைப்பத்தைப் பிடிக்கவே வலித்தது.

“வெறுந்தண்ணியெண்டா இப்பிடி நோகாது” என்றார் கணவர்.

அவர் ஊகம் சரியாகவே இருந்தது. சில மாதங்களில் வயிறு குறைந்தது. குனிந்து சப்பாத்து மாட்ட முடிந்தது. சிஞ்ஞோராவும் கேட்பதை விட்டாள்.

பரிசோதனை முடிந்ததும் ஊசி நின்றது. விற்பனைக்கு இன்னும் அனுமதி இல்லாததால் மருந்துக்கடையில் அது கிடைக்கவில்லை. வயிறு மெல்லத் திரும்பி வந்தது. இதே மாத்திரைகளை எடுப்பவரானால் உங்களுக்கும் இப்படி நேரலாம் என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

அழுதபடி மருத்துவரிடம் போனேன். அவர் வயிற்றை அளந்துவிட்டுச் சொன்னார்: “தினமும் நடக்க வேண்டும். இந்தக் கொழுப்பு இதயத்துக்குக் கூடாது. எழுபது வயதில் நீங்கள் மாரடைப்போடு இங்கே வரக்கூடாது.”

எழுபது வயது! நோய் தெரிந்த நாள்முதல், அடுத்த இரத்தப் பரிசோதனைக்கு அப்பால் நான் எதையும் நினைத்ததில்லை. வெளியே காத்திருந்த கணவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“அப்ப எனக்கு எழுபத்தஞ்சு. உம்மோடை ஆர் நடக்கிறது?” என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

இப்போது மாலைகளில் கால்சாக் கடற்கரையில் நடக்கிறோம். வயிறு எனக்கு முன்னால் போகிறது. அதைக் கைப்பையால் மறைப்பதில்லை.

“நில்லுமன், என்ன அவசரம்?” என்கிறார் அவர், பின்னாலிருந்து.

அவசரம் ஒன்றுமில்லை. நின்று, அவர் வரும்வரை கடலைப் பார்க்கிறேன்.