வெள்ளித்தகட்டில் ஒரு நெஞ்சு

அமலோற்பவம் அக்காவுக்கு இருமல் வந்தபோது காரைக்குடியில் ஆளுக்கு ஆள் வைத்தியராகிவிட்டார்கள். ஒருத்தர் ஆடாதொடை என்றார், இன்னொருத்தர் தூதுவளை என்றார். அக்கா வேலை பார்த்ததே ஆஸ்பத்திரியில்தான். அங்கே இருந்த ஒரு டாக்டரும் ஏன் இருமுகிறாய் என்று கேட்கவில்லை.

நானும் அங்கே நர்ஸ்தான். வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பிக் குழாய்களை மருந்தில் ஊறவைத்துக் கிருமி நீக்குவது அக்காவின் வேலை. ஜன்னலில்லாத அறை, கண்ணை எரிக்கும் மருந்துத் தொட்டி. மருந்து மிச்சமிருந்தால் நோயாளியின் தொண்டை புண்ணாகிவிடும் என்று, மற்றவர்கள் ஒருமுறை அலசுவதை அக்கா மூன்றுமுறை அலசுவார். அத்தனை நேரமும் அந்தக் காற்றைத்தான் சுவாசித்தார்.

இருமல் முற்றி மூச்சிளைப்பானது. அந்த ஆகஸ்டில் பக்கத்து ஊரான மானகிரி ஆட்களோடு காவி கட்டி வேளாங்கண்ணிக்கு நடந்தார். புதுக்கோட்டை தாண்டியதும் இருமல் குறைந்தது. கோயிலை அடைந்தபோது அடியோடு இல்லை. வெள்ளித்தகட்டில் நெஞ்சு உருவம் வாங்கிக் காணிக்கை போட்டுவிட்டு, "மாதா மூச்சக் குடுத்துட்டா புள்ள" என்று போனில் அழுதார். நானும் அழுதேன்.

வேலைக்குத் திரும்பிய வாரமே இருமல் வந்துவிட்டது. திருவிழா முடிவதற்குள் ஊர் திரும்பி மீன்குழம்பு சாப்பிட்டதுதான் குற்றம் என்று அக்கா முடிவுகட்டினார். கவிச்சியை விட்டார். வேலையை விடவில்லை. வருடங்கள் போயின.

கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்: "லீவுல இருக்கும்போதும் இருமல் வருதாம்மா?"

வேளாங்கண்ணிக்கு நடந்தபோது நின்றதை அக்கா சொன்னார். குழாய் ஊறவைக்கும் அந்த மருந்தை உடம்பு பகையாளியாகவே எடுத்துக்கொண்டுவிட்டதாம்; இனி வாடை பட்டாலே மூச்சுக்குழாய் சுருங்கிக்கொள்ளுமாம். முதல் வருடமே விட்டிருந்தால் முழுக்கத் தேறியிருக்கலாம் என்றவர், உடனே வேலையை விடச் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப மாதா எனக்கு ஒண்ணுமே செய்யலையா புள்ள?"

"அந்த ரூமுக்குப் போகாம இருங்கக்கா, நல்லாயிருவீக" என்றேன்.

அக்கா வேலையை விட்டார். நிர்வாகமோ ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன்கூட மாட்டாமல் அடுத்த பெண்ணை அந்த அறைக்கு அனுப்பியது.

இந்த வருடமும் அக்கா நடந்தார். எங்குட்டு வந்துட்டீக என்று போனில் கேட்டேன். புதுக்கோட்டை தாண்டிவிட்டதாகச் சொல்லத் தொடங்கியவர் இருமினார், வெகுநேரம் இருமினார்.

"வேலையத்தான் விட்டுட்டேனே புள்ள," என்றார். "இது ஏன் இன்னும் கூடவே நடந்து வருது?"