லீவ் கிடைக்காத வருடம்

இந்த வருடம் ஊருக்கு வர லீவ் கிடைக்கவில்லை என்று அப்பாவுக்கு எழுதினேன். பொய். எண்பதுகளின் நடுவில், நியூ ஜெர்சியில் எனக்கும் கணவருக்கும் மூன்று வாரம் லீவ் இருந்தது. ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு அலைந்தே லீவ் தீர்ந்துவிடும் என்று, பெரு நாட்டுக்குப் போய் அமேசானில் படகுப் பயணம் செய்தோம்.

அப்பா பூகோள வாத்தியார். புத்தகத்தைப் பார்க்காமலே அந்த ஆற்றை வளைவு வளைவாகப் போர்டில் வரைவார். கரையோரக் கிராமத்து நடனமும் இளஞ்சிவப்பு டால்பின்களும் பார்த்துவிட்டு, ஆசையாக அவருக்கு ஒரு போஸ்ட் கார்டு எழுதினேன். பெரு ஸ்டாம்ப் என்னைக் காட்டிக்கொடுத்துவிடுமே! அனுப்பாமல் பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து கதவைத் திறக்கும்போதே போன் அடித்தது. மெட்ராஸிலிருந்து அண்ணா.

"எங்கேம்மா போயிருந்தே? அப்பா போயிட்டார். பத்தாம் நாள் காரியமும் முடிஞ்சாச்சு."

"ஆபீஸ் வேலையா வெளியூர் போயிருந்தேன்ணா." அப்போதும் பொய் தடுமாறாமல் வந்தது.

"ஆஸ்பத்திரியில சேர்த்தப்பவே உனக்குப் போன் பண்றேன்னேன். 'அவளுக்கு லீவே கிடைக்கல, பாவம், தொந்தரவு பண்ணாதே'ன்னுட்டார்."

சாவுச் செய்தி கேட்டால் குளிக்க வேண்டும். குளித்தேன். அழுகை வரவில்லை. ஈரத்தலையோடு பையைப் பிரித்தேன். மேலேயே இருந்தது கார்டு: 'அப்பா, நீங்கள் வரைந்த வளைவு சரிதான்.'

அண்ணாவிடம் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. அவரும் என்னைப் பாவம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.