‘கொன்னுடுவேன்’ என்றொரு சொல்

எம்.ஃபில். முடித்து மேற்குத் தாம்பரத்தில் ஒரு மனநல கிளினிக்கில் சேர்ந்த புதிது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு என் வேலையை விளக்குவது பெரும்பாடாக இருந்தது.

“டாக்டரா?”

“இல்லம்மா. சைக்காலஜிஸ்ட். ஒருத்தர் மனசு எப்படி இருக்குன்னு கோர்ட்டு கேட்டா, பார்த்து எழுதிக் குடுக்கணும்.”

“அப்ப வக்கீலு.”

“அதுவும் இல்ல.”

“ரெண்டும் இல்லாம நடுவுல நின்னுகினு இன்னாடா பண்ணுவ?”

நடுவில் நிற்பதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது என்பதை எப்படிச் சொல்வது? தடயவியல் உளவியல் என்று பெயர். நூறு வருடங்களுக்கு முன்பு ஐரோப்பாவில் சில பேராசிரியர்கள் வகுப்பறையில் திடீரென்று ஒரு பொய்ச் சண்டையை நடத்திக் காட்டி, பார்த்ததை எழுதுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னார்களாம். ஒரே சண்டையை ஆளுக்கொரு விதமாக எழுதிக் கொடுத்தார்கள். கண்ணால் கண்ட சாட்சிக்கே இந்தக் கதி என்றால் கோர்ட்டில் என்ன ஆவது என்ற பயத்தில்தான் இந்தத் துறை பிறந்தது. பிறகு அது சிறைக்குள் போனது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு விசாரணையில் நடப்பது புரிகிறதா என்று பார்க்கப் போனது. கடைசியில், பிரியும் தம்பதியின் குழந்தை யாரிடம் இருக்கலாம் என்ற வழக்குக்கும் வந்து சேர்ந்தது.

எனக்கு வந்த முதல் வழக்கு அப்படிப்பட்டதுதான். கணவர் குரோம்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். மனைவி கூடுவாஞ்சேரியில் தாய்வீட்டில் இருந்தார். ஐந்து வயதுப் பெண் குழந்தை தாயிடம் இருந்தது. ‘குழந்தைக்குத் தினமும் கொலை மிரட்டல் விடுக்கிறார், மனநிலை சரியில்லை, குழந்தையை என்னிடம் ஒப்படைக்க வேண்டும்’ என்று கணவரின் மனு சொன்னது.

அந்த அம்மா மகளோடு வந்து உட்கார்ந்ததும் முதலில் சொல்லவேண்டியதைச் சொன்னேன். “நான் உங்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஆள் இல்லக்கா. நீங்க இங்க பேசறது எல்லாம் ஜட்ஜுக்குப் போகும்.”

“போவட்டும் சார். என் புள்ள என்கூட இருந்தா போதும்.”

அச்சடித்த கேள்வித்தாளைப் படித்தேன். “பிறருக்குத் தீங்கு இழைக்கும் எண்ணம் உங்களுக்கு அடிக்கடி தோன்றுவதுண்டா?”

“இன்னா சார், ரேடியோவுல நியூஸ் படிக்கற மாதிரி கேக்கறீங்க?”

“யாரையாவது அடிக்கணும், கொல்லணும்னு தோணுமான்னு கேக்குது.”

“தோணாம? காலைல வேன்காரன் ஆரன் அடிச்சிகினே நிப்பான். இது ஒரு கால்ல ஷூவோட இன்னொண்ணைத் தேடிகினு கீது. டெய்லி கொன்னுகினுதான் கீறேன் சார்!”

சிரித்துவிட்டேன். அதே நேரம் குழந்தை என் மேசையில் இருந்த ஸ்டேப்ளரை எடுத்து அமுக்கப் பார்த்தது. “ஏய், அதை வையி. கைல குத்திக்கின, கொன்னுடுவேன்!” என்றார் அந்த அம்மா. குழந்தை ஸ்டேப்ளரை வைத்தது. அப்படியே நகர்ந்து வந்து அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, அவர் வளையல்களை உருட்டிக்கொண்டிருந்தது.

எழுதுவதா, விடுவதா? இரும்புலியூரில் எங்கள் தெருவில் அந்தச் சொல்லைச் சொல்லாத தாய் கிடையாது. அதற்கு ‘ஜாக்கிரதை’ என்றுதான் பொருள். ஆனால் மனுவில் இருந்த குற்றச்சாட்டே அந்தச் சொல்தான். அறிக்கையில் அதை நானே எழுதினால் இவருக்குப் பாதகமாகிவிடுமோ என்று பயந்தேன். எழுதாமல் விட்டால் நான் இவருடைய வக்கீலாகிவிடுவேன். அந்தப் பொய்ச் சண்டை மாணவர்களைப் போல, நாளைக்கு எனக்கு வசதியானதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வேன். அங்கேயே, அப்போதே, அவர் சொன்னபடியே எழுதினேன். அடுத்த வரியில் குழந்தை செய்ததை எழுதினேன்.

கோர்ட்டில் கணவரின் வக்கீல் அறிக்கையைத் தூக்கிக் காட்டினார். “உங்க முன்னாடியே ‘கொன்னுடுவேன்’னு சொல்லியிருக்காங்க. யெஸ் ஆர் நோ?”

“யெஸ் சார்.”

அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியவில்லை. “அடுத்த வரியையும் படிச்சா நல்லாருக்கும் சார்” என்றேன்.

நீதிபதி அதைத் தானே வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கணவரிடம் கேட்டார். “இவங்க அப்படிச் சொல்லும்போது குழந்தை பயந்து நீங்க பார்த்திருக்கீங்களா?”

அவர் தன் வக்கீலைப் பார்த்தார். பிறகு, வெல்டிங் பொறி பட்டுத் தழும்பேறிய தன் கைகளைப் பார்த்தார். “இல்லீங்க ஐயா” என்றார்.

குழந்தை தாயிடமே இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பனாரோடு என்று உத்தரவானது. வெளியே தாழ்வாரத்தில் அவர் தயங்கித் தயங்கி மனைவி பக்கத்தில் வந்து நின்றார். தோற்றுப்போனவர் என்பதைவிட, ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக் கலங்கியவர் போலத்தான் எனக்குத் தெரிந்தது.

“அதுக்கு மதியத்துக்கு இன்னா குடுக்கறது?”

அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் பதில் சொன்னார். “காரம் போடாத. மீன் குடுத்தா முள்ளு நீ எடுத்துக் குடு. அதுகிட்ட விட்றாத.”

“சரி” என்றார் அவர்.